நூற்றுக்குத் தொண்ணூறு

விதைக்கடை அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தன் பூசணி விதை நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பாள். இந்த வருடம் அதைப் பொட்டலத்திலேயே அச்சடிக்கக் கிளம்பியபோதுதான், கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் மகள் குறுக்கே வந்தாள்.

"சோதிச்சுப் பாத்துட்டு அடிம்மா."

"தாராளமா பாரு. எனக்கென்ன பயம்?"

அம்மா உடனே உட்கார்ந்து, கொழுகொழுவென்ற விதைகளாகப் பொறுக்கிக் கொடுத்தாள். மகள் சிரித்துக்கொண்டே அத்தனையையும் மூட்டையிலேயே திருப்பிக் கொட்டி, நன்றாகக் கிளறி, கண்ணை மூடிக்கொண்டு நூறு எடுத்தாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நீ சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்பவும் எப்ப எடுத்தாலும் சரியா தொண்ணூறே வரணும்னு இல்ல. எண்பத்தெட்டு வரலாம், எண்பத்தாறுகூட வரலாம். அதெல்லாம் தற்செயல், விட்டுடலாம். ஆனா எண்பத்தஞ்சுக்கும் கீழ போறது ரொம்ப அபூர்வம். போச்சுன்னா உன் பேச்சு நிக்காது. எட்டாம் நாள் எண்ணுவோம். அன்னைக்கு வேர் வெளிய தெரிஞ்சாதான் முளைச்ச கணக்கு. சம்மதம்னா இப்பவே உன் கையால எழுது."

அம்மா கடைக்கதவில் சாக்கட்டியால் எழுதினாள்: 'எண்பத்தைந்துக்குக் குறைந்தால் நான் தோற்றேன்.' எழுத்து ஒவ்வொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் மகள் விதைகளை ஈரத்துணியில் பரப்பினாள்.

எண்ணும் நாள் வந்தது. எண்பத்து நான்கு. அம்மா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள், அதேதான். ஓரத்தில் ஒரு விதை மட்டும் தோல் விரிந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இதையும் சேத்துக்கடி. நாளைக்கே வேர் விட்டுரும்."

"இன்னைக்கு விடலையே."

"பெத்தவ கேக்கறேன்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையாட்டவில்லை.

"எழுதினது நீதாம்மா."

அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மறுநாள் காலை பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, கதவைப் பார்த்துவிட்டு, "தொண்ணூறுன்னு அச்சடிக்கப் போறதா சொன்னீங்களே?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"அடிக்கல. என் பொண்ணு சோதிச்சா, தேறல," என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்குக் குரல் ஏறியது, பெருமை தாங்கவில்லை. "ஒரே ஒரு விதைங்க! நான் கெஞ்சியும் சேக்கமாட்டேன்னுட்டா!"

அவர் போனதும் அம்மா வெள்ளரி விதை மூட்டையை அவிழ்த்து, நன்றாகக் கிளறினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே கைவிட்டாள்.