அவன் மெயில்

மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை போர்ட் கொச்சியில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னாள் ஷபானா. இசக்கிசெல்வி சுக்குக்குப் பூசிய சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை நீட்டினாள். ஷபானா அங்கேயே பிறந்த தமிழச்சி. செல்வி மகள் அபிநயாவை இழுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமிருந்து போன மழைக்கு வந்து சேர்ந்தவள்.

போன் என்றால் இருவருக்கும் பயம்தான், ஆனால் ஒரே பயமில்லை. ஷபானாவுக்கு ஓடிபி கேட்டு அழைக்கிறவர்களை நினைத்தால் நடுக்கம். செல்வியிடம் திருட என்ன இருக்கிறது? அவளுக்கு உலகத்தில் பயம் ஒரே ஒரு ஆள், புருஷன் சுடலைமணி. "எங்க போனாலும் தேடிவந்து பிள்ளயத் தூக்கிருவேன். அப்புறம் அவள உசுரோட பாக்க மாட்ட" என்று கழுத்தில் அரிவாளை வைத்துச் சொன்னவன். சொன்னால் செய்கிறவன். அதனால் பழைய சிம்மை உடைத்துச் சாக்கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவை விட்டு விலகினாள். மகளின் பள்ளிக்கூடத்தில்கூட ஷபானாவின் நம்பரைத்தான் கொடுத்தாள். நம்பர் போய்விட்டால் ஆளும் மறைந்த மாதிரி என்று நம்பினாள், பாவம்.

"இது இடப்பள்ளியல்லே? நீ எப்போ போனே?" ஷபானா ஒரு படத்தில் விரலை நிறுத்தினாள்.

கொச்சிக்குள் நுழைகிற இடம் அது. பஸ் ஜன்னல், மேம்பாலம், மெட்ரோ தூண்.

"நான் போகலயேக்கா."

அதற்கும் புதிதாக இன்னொன்று இருந்தது. மட்டாஞ்சேரிக்கு வரும் படகின் கம்பியைப் பிடித்த ஒரு கை. கட்டைவிரலில் பாதி நகம் இல்லை, சுடலைமணியின் கைதான். எங்கே போனாலும் படம் எடுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. செல்விக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை.

"இதிலே மெயில் ஆருடேது?"

"எனக்கு ஏதுக்கா மெயிலு? வாங்கும்போது கடையில அவரு மெயிலத்தான் போட்டுக் குடுத்தாங்க."

அவள் ஊரில் பாதிப் பெண்களின் போன் அப்படித்தான். ஷபானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எடீ, மெயில் ஒண்ணுன்னா ரெண்டு போனிலும் படம் வரும். அவன் எடுக்கிறது இவிட, நீ எடுக்கிறது அவிட!"

சீருடை போட்ட முதல் நாள் பள்ளிப் பெயர்ப்பலகைக்குக் கீழே அபிநயாவை நிறுத்தி எடுத்தது செல்விக்கு நினைவு வந்தது. இத்தனை மாதமும் அவனுக்கு வழி சொன்னது அவளேதான்.

"அழிச்சிரட்டே?"

"வேண்டாக்கா! இங்க அழிச்சா அங்கயும் போயிரும்லா? நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சிரும்."

அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று சொல்ல, இப்போது அந்தப் போனை விட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை.

ஷபானா தன் போனில் பள்ளிக்கூடத்தை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

செல்வி தெருவுக்கு ஓடினாள். மிளகு மூட்டை ஏற்றிய வண்டி வழியை அடைத்து நின்றது. கையிலிருந்த போனைப் பார்த்தாள். புதிதாக ஒரு கட்டம் சாம்பல் நிறத்தில் வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு பெட்டிக்கடை, பள்ளிச் சுவர். நடுவில் அபிநயா, உதடெல்லாம் ஐஸ் வழிய, வெயிலுக்கு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, படம் எடுப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.