கோணச்சட்டியில் இறால்

கடை வேலை முடிந்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் ராமாமணிக்குப் பசித்தது. மதியம் சாப்பிடாத பசி இல்லை. மீன் மார்க்கெட் பக்கமிருந்து ஈரக்காற்றோடு வந்த வாடைக்கு நாக்கில் எச்சில் ஊறிய பசி. பவுண்டரியில் இரும்பு வார்க்கிற வேலை பார்த்த கணவர் கோவிந்தராஜுலு மாசி மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இப்போது ஐப்பசி. இத்தனை மாதமும் சோறு உள்ளே போனது, அவ்வளவுதான். இன்றைக்கென்று பார்த்து நாக்கு விழித்துக்கொண்டதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வருஷம் திரும்பித் தலைத்திவசம் முடிகிற வரைக்கும் வீட்டில் கவுச்சி வேண்டாம் என்று காரியம் முடிந்த அன்றே மாமனார் வேங்கடசாமி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனிதர் அவர். "எம் பையனுக்காக நான் வேற என்னத்த உட முடியும்?" என்றார். வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவர்தான். சரிங்க மாமா என்று அவளும் தலையாட்டினாள்.

அது நினைவில் இருக்கும்போதே கால் மார்க்கெட்டுக்குள் போய்விட்டது.

"அட, பவுண்டரி அண்ணன் ஊட்டம்மாங்களா! வாங்கக்கா" என்றார் மீன் விற்கும் நாகூர் மீரான். "எங்க அண்ணனையே காணோம்? வேற கடை புடிச்சுட்டாரா?"

ராமாமணி வாயைத் திறந்தாள். "இல்லீங்க பாய். பெல்காம்ல ஒரு பவுண்டரிக்கு வேலைக்குப் போயிருக்காருங்க" என்று வந்தது. யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போலிருந்தது.

"அதானே பாத்தேன். எப்ப வர்றாரு?"

"வந்துருவாருங்க."

"வரட்டும் வரட்டும். அவருகிட்ட திட்டு வாங்கியே ரொம்ப நாளாச்சு. ஒருக்கா இறால் தலையக் கிள்ளிக் குடுத்துட்டேன். 'ஏனுங்க பாய், உங்க கல்யாண போட்டோவத் தலையில்லாமத்தான் புடிச்சீங்களா'ன்னு கேட்டுப்போட்டாரு!"

மீரான் சிரித்தார். அவளும் சிரித்தாள். தலையோடு நிறுத்துக் கட்டியவர், இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, "இது அண்ணன் பங்கு" என்றார்.

சிங்காநல்லூர் பஸ்ஸில் பொட்டலத்தை டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதுகூட உறுத்தவில்லை. சிரித்ததுதான் வழியெல்லாம் உறுத்தியது.

புதன்கிழமை. மாமனார் பெருமாள் கோயில் பஜனைக்குப் போயிருந்தார். எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டார். அதற்குள் ஆக்கி, தின்று, கழுவி, சாம்பிராணியும் போட்டுவிடலாம். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

கவுச்சிச் சட்டி எப்போதும் வீட்டுக்குள் வராது. பின்பக்கத் தாழ்வாரத்தில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மேலே ஆணியில் தொங்கும். பம்ப் வார்த்து மிஞ்சிய இரும்பில் கோவிந்தராஜுலு ஒரு நாள் ஆசைக்கு வார்த்துக்கொண்டு வந்தது அது. கைப்பிடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததால் கோணச்சட்டி என்றே பேர் ஆகிவிட்டது. மாசிக்குப் பிறகு யாரும் தொடவில்லை, துரு ஏறிக் கிடக்கும் என்றுதான் எடுத்தாள். சட்டியோ கன்னங்கரேல் என்று வழவழத்தது. நல்ல வார்ப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

கடலெண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம். வெங்காயம் நிறம் மாறியதும் மஞ்சளும் மிளகாய்த் தூளும். தூள் கருகுவதற்குள் இறாலைக் கொட்டிப் புரட்டினாள். சாம்பல் நிறம் சிவந்து ஒவ்வொன்றும் சுருண்டது. கடைசியில் கை நிறைய மிளகுத் தூள். காரம் ஏறி அவள் இருமும்போது பின்னால் குரல் கேட்டது.

"மழை ஒழுகுது, மிருதங்கம் நனைஞ்சுரும்னு பஜனைய நிறுத்திப்போட்டாங்க."

தலையில் ஈரத்துண்டோடு மாமனார் பின்வாசலில் நின்றிருந்தார். சட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"மாமா, நான் வந்து..."

"எறக்கு மொதல்ல. ரப்பராட்டம் ஆயிரும்."

இறக்கினாள். அவர் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தார்.

"கொட்டிப்போடறனுங்க மாமா."

"அவன் வாத்த சட்டில ஆக்குனதக் கொட்டுவியா? சோத்தப் போட்டுட்டு வந்து உக்காரு."

"உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாம் அம்மணி. சொன்னது சொன்னதுதான். ஆனா உனக்கும் சேத்தி நானே சொல்லிப்போட்டேன் பாரு, உன்னைய ஒரு வார்த்த கேக்கல."

அவர் எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகின. பாதிச் சோறு போன பிறகுதான் தட்டைப் பார்த்தாள். பழக்கத்தில், தலைகளையெல்லாம் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் கணவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். மாமனாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மீன்காரர்கிட்ட அவரு பெல்காம் போயிருக்காருன்னு சொல்லிப்போட்டனுங்க."

"எதுக்குக் கண்ணு?"

"தெரியலீங்க. சொல்றப்ப நல்லா இருந்துச்சுங்க."

திட்டுவார் என்று பார்த்தாள். அவர் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாரம் வாரம் அந்த மனுசன் எடுத்து வெச்சுட்டு இருப்பான். போய்ச் சொல்லிப்போடு."

"எப்பிடிங்க மாமா சொல்றது?"

"எனக்கு மட்டும் தெரியுமா? சொன்னாத்தான் வரும்."

சட்டியைக் கழுவத் தேங்காய் நாரையும் சோப்பையும் எடுத்தாள். "சோப்புப் போட்டுப்போடாதே!" என்று அவசரமாக எழுந்து வந்து பிடுங்கினார். வெந்நீர் விட்டுத் தேய்த்து, ஸ்டவ் மேல் காட்டி, மாடத்திலிருந்து ஒரு எண்ணெய்ப் புட்டியையும் பழைய துணியையும் கைபோன போக்கில் எடுத்தார். கோணல் கைப்பிடியிலிருந்து தொடங்கி உள்ளும் புறமும் தடவினார். துணி ஏற்கெனவே கறுத்து ஊறியிருந்தது. இத்தனை மாதமும் சட்டியில் துரு ஏறாதது வார்ப்பினால் மட்டும் இல்லை என்று ராமாமணிக்குப் புரிந்தது. தடவி முடித்து அவரே ஆணியில் மாட்டினார்.

அடுத்த புதன்கிழமை மழை இல்லை. மீரான் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வாங்கக்கா! தலையோட நல்லதா எடுத்து வெச்சிருக்கேன். அண்ணன் வந்துட்டாரா?"

வேலை பார்க்கும் கடையிலிருந்து நடந்து வந்த தூரமெல்லாம் அவள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அவரு தவறிட்டாருங்க பாய்."

ஐஸுக்குள் விட்ட கையை அவர் எடுக்கவில்லை.

"யா அல்லா. எப்பங்க அக்கா?"

"மாசி மாசங்க."

மாசியிலிருந்து போன வாரத்துக்கு அவர் மனசு வந்து சேர்வதை அவள் அந்த முகத்திலேயே பார்த்தாள்.

"அப்ப, போன வாரம்..."

"ஆமாங்க" என்றாள் ராமாமணி. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதற்காக அங்கேயே நின்றாள்.