சத்தம் போட ஓர் ஊர்

மகளை விடுதியில் விட்டுவிட்டு வெளியே வந்ததும் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதுவரை பெட்டி, போர்வை, பிளக் பாயிண்ட், சிம் கார்டு என்று பேச எவ்வளவோ இருந்தது. அவள் மாடி ஜன்னலில் நின்று கையசைத்தாள். "ரெண்டு பேரும் ரூம்ல போய் அடைஞ்சு கிடக்காதீங்க. எங்கயாவது சுத்திப் பாருங்க," என்று அங்கிருந்தே கத்தினாள். ஹோட்டலில் எங்களுக்கு அறையும் வேறு, மாடியும் வேறு. திரும்பிப் போகும் விமானம் மறுநாள்தான்.

அவர் என் மகளின் அப்பா. எனக்கு அவர் என்ன உறவு என்று கேட்டால் கோர்ட்டுக் காகிதத்தைத்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மகளுக்குப் பத்து வயதானபோது நாங்கள் பிரிந்தோம். இப்போது அவள் கடல் தாண்டிப் படிக்க வந்திருக்கிறாள். கொண்டுவந்து சேர்க்க ஒருவர் போதும். நான் போகிறேன் என்றேன், அவரும் போகிறேன் என்றார், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் என்னை மறுபடி கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கம் கெட்ட ஆசைதான். இந்தப் பயணத்தில் 'வந்துடு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் விமானம் ஏறினேன். ஆனால் வந்த நாளிலிருந்து மகள் கூடவே இருந்தாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு பகல்.

"எங்க போலாம்?" என்று கேட்டேன்.

"எங்க வேணா போலாம். நமக்கு என்ன தெரியும் இந்த ஊர்ல?" என்றார்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். அவர் எப்போதும் அப்படித்தான். கடைக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, அவர் முன்னால் போவார். நான் பையும் பிள்ளையுமாகப் பின்னால் போவேன். முகத்தைவிட அவர் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், கருவிப்பெட்டி தூக்கித் தூக்கி. அந்தத் தோளைப் பார்த்தபடியே பழக்கதோஷத்தில் நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மருந்துக்கடை முனையில் அவர் இடப்பக்கம் திரும்பினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தனியாக வாழ்ந்து, தனியாக வாடகை கட்டி, தனியாகப் பிள்ளை வளர்த்தவள் இன்னும் எதற்கு இந்த முதுகைத் துரத்த வேண்டும்? நான் வலப்பக்கம் திரும்பிவிட்டேன்.

நல்ல தெரு அது. குறுகலாக, ஈரமாக இருந்தது. துணி வெளுக்கும் கடை ஒன்றில் பெரிய இயந்திரங்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன; யாருடையதோ சிவப்புப் போர்வை கண்ணாடியில் வந்து வந்து மோதியது. பக்கத்தில் சாவி செய்பவர் வாசலிலேயே இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் ஒரு மெத்தையை மாடிக்கு ஏற்ற முடியாமல் படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாஷை புரியவில்லையே தவிர, திட்டு நன்றாகவே புரிந்தது. கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்புறம்தான், அவருடைய போன் இந்த ஊரில் வேலை செய்யாது என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பி ஓடினேன். அவர் மருந்துக்கடை முனையில் நின்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர் முகம். கூப்பிட வாயைத் திறந்தேன், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. 'ஏங்க' என்று கூப்பிட எனக்கு இன்னும் பாத்தியதை உண்டா என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அவர் எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியதும் பயம் வந்துவிட்டது.

"ஏங்க!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

மூச்சு வாங்க வந்து நின்றார். "சொல்லிட்டுத் திரும்ப மாட்டியா நீ?"

"நீங்க சொல்லிட்டா திரும்பினீங்க?"

அவர் அதை யோசித்துப் பார்த்தார். அவர் நல்லவர், எதையும் யோசித்துத்தான் பார்ப்பார். "சரி, ஒண்ணு செய்யலாம்," என்றார். "ஒரு முனையில நான் சொல்ற பக்கம். அடுத்த முனையில நீ சொல்ற பக்கம்."

அப்படித்தான் அன்றைக்கு அந்த ஊரைச் சுற்றினோம். என்ன பார்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, எந்த முனை வருகிறதோ அதுதான். நான் கடைகள் உள்ள பக்கமாகத் திருப்புவேன், அவர் பழைய கட்டடங்கள் உள்ள பக்கமாகத் திருப்புவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான பழைய கட்டடத்தைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்க்காமல் நகர மாட்டார்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் ஒருவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குழிக்குள் தலையை விட்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அந்த மனிதர் முதலில் முறைத்தார். இவர் மேலே போகும் கம்பி வடத்தைக் காட்டி, விரல்களை முறுக்கி என்னவோ சொன்னார். அந்த மனிதர் கையை விரித்தார். அப்புறம் டார்ச் இவர் கைக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் அண்ணாந்து இருட்டுக்குள் பார்த்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன். நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவர் லிஃப்ட் பார்க்க வந்தபோது இதே முகத்தோடுதான் அண்ணாந்து நின்றார். அந்த முகத்துக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். கையெல்லாம் கிரீஸோடு எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தபோது, கேளுங்களேன், இப்பவே கேளுங்களேன் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"மோட்டார் பழசு," என்றார். "ஆனா நல்ல மோட்டார்."

மதியம் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கடையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "பாப்பா உன்னை மாதிரிதான். கிளம்பணும்னு நினைச்சா கிளம்பிடுவா."

"நான் எங்க கிளம்பினேன்? வேலையை வேற ஊருக்கு மாத்தி ஆர்டர் வந்துச்சு, போனேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"போகாதேன்னு நீங்க சொல்லலியே."

இதையெல்லாம் நாங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் ஒரு லாரி போனது. "என்னது?" என்றார். "சொல்லலியேன்னு சொன்னேன்," என்றேன். "கேக்கல," என்றார். நான் அவர் காதுப்பக்கம் குனிந்தேன். குனிந்தபோதுதான், யாருக்குப் பயந்து இப்படிக் குனிகிறேன் என்று தோன்றியது.

எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் கிசுகிசுப்புதான். அவர் வீடு கூட்டுக் குடும்பம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மாமியார், மாமனார். கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து எங்களுக்கு ஓர் அறை தந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மின்விசிறி என்பதால் தடுப்பு கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கண்ணில் தண்ணீர் முட்ட நான் ஏதோ ஞாயம் கேட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் அண்ணி தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்பார். அதோடு சண்டை நின்றுவிடும். பாதி பாதியாக நின்றுபோன சண்டைகள் எத்தனையோ. விவாகரத்துக்குப் போனபோது கோர்ட்டில் ஆலோசனை சொல்லும் அம்மா, "உங்களுக்குள்ள அப்படி என்னதான் சண்டை?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லங்க," என்றோம். அந்த அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். எக்ஸ்ரே அறையில் செவிடான கிழவர்களிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரலை வெளியே எடுத்தேன்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க யாருக்குப் புரியப்போகுது? சத்தமாச் சொல்லுங்க!"

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "சொன்னேன்!" என்று கத்தினார்.

"எப்போ?"

"நீ கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி!"

"என் காதுல விழலியே!"

"மெதுவாச் சொன்னேன். நீ தூங்கிட்டு இருந்த!"

"தூங்கறவகிட்ட யாராவது சொல்வாங்களா?"

"முழிச்சிருந்தா நீ பதில் பேசுவ. அந்தப் பக்கம் கேக்கும்!"

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நடந்தோம். கத்திக்கொண்டே நடந்தோம். எந்த முனை யார் முறை என்று யாரும் பார்க்கவில்லை. என் சமையலில் உப்பு இல்லை என்று அவர் அம்மா சொன்னபோது, ஒன்றும் பேசாமல் உப்பு டப்பாவுக்கு அவர் கை நீட்டியதை நான் ஒரு தபால்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஆஸ்பத்திரி ஆட்கள் முன்னால் நான் அவரை 'லிஃப்ட்காரர்' என்று சொன்னதை அவர் ஒரு முடிவெட்டும் கடை வாசலில் வைத்துக் கேட்டார்.

"லிஃப்ட்காரரைத்தானே கட்டிக்கிட்டேன்? பைலட்டையா கட்டிக்கிட்டேன்?"

"நீ சொன்ன விதம் இருக்கே, விதம்!"

தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனாள். முடிவெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு திரும்பிப் பார்த்தார். ஆளுக்கு ஆள் கையை ஆட்டி, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி ஆரம்பித்து, எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாமல் ஏதோ பூட்டிய பள்ளிக்கூடத்தின் படியில் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினோம்.

"தொண்டை வலிக்குது," என்றார்.

"எனக்கும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் கை கிரீஸை என் முந்தானையில் துடைக்க வேண்டும், கசங்கிய காலரை நிமிர்த்த வேண்டும், அந்த இறங்கின தோளில் தலை வைத்துக் கொஞ்சம் தூங்க வேண்டும் போலிருந்தது. இந்த மனுஷனோடு வாழவே இல்லையே என்று நெஞ்சு தவித்தது.

அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். எதிர்வீட்டு மாடியில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சரி, இவ்வளவு கத்தியாகிவிட்டது, இதையும் நாமே கேட்டுத் தொலைப்போம் என்று நினைத்தேன்.

"மறுபடியும் சேர்ந்து இருக்கலாமா?" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கண் நிறைந்துவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன் தெரியுமா? எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியாம..." என்று குரல் உடைந்து நிறுத்தினார். என் கையெல்லாம் கிரீஸ். நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "ஊருக்குப் போனதும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு உனக்குச் சொல்றேன்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தான் சொன்னதில் ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கென்று ஒரு வாடகை வீடு இருக்கிறது, அதில் மகளின் அறை இப்போது காலியாகக் கிடக்கிறது. அது அவர் நினைப்பிலேயே வரவில்லை. வீட்டில் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அண்ணி அழுதுகொண்டே சரி என்பார், மாமியார் நல்ல நாள் பார்க்கச் சொல்வார். அவர்கள் சரி என்று சொல்லி, மறுபடி அந்தப் பலகைத் தடுப்புக்குள் போக வேண்டிவருமே என்றுதான் எனக்குப் பயம்.

"யார்கிட்டயும் கேக்காதீங்க," என்றேன்.

"ஏன்?"

"சும்மா கேட்டேன். பாப்பாவை விட்டுட்டு வந்த வருத்தத்துல ஏதோ வாயில வந்துடுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் முகத்தைத் திருப்பவில்லை, நன்றாகப் பார்க்கட்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். 'பொய் சொல்ற' என்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் போதும். எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போயிருப்பேன். அவர் என் கையை மெல்ல விட்டார்.

"சரி, உன் இஷ்டம்," என்றார்.