முனைக்கு ஐந்து சதுரம்

மகள் இறந்த மறுவருடம் அவளுடைய அறைக்கு டைல்ஸ் ஒட்டியபோது, நான்கு சதுரங்கள் கூட வேண்டிய ஒவ்வொரு முனையிலும் ஐந்து சதுரங்கள் கூடின. இடுக்கும் இல்லை, மேடும் இல்லை. கொத்தனார் முதலில் டைல்ஸைச் சந்தேகித்தார், பிறகு தன் கண்ணை, கடைசியில் காலையில் குடித்த காப்பியை. வாங்கிவைத்த பெட்டிகள் கதவோரத்திலேயே தீர்ந்துபோயின. இன்னொரு வண்டி நிறைய வந்ததுகூட அந்த அறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரியாகத்தான் ஆனது. "அக்கா, வெளிய இருந்து பாத்தா சின்ன ரூமுதான். உள்ள போனா முடிய மாட்டேங்குது," என்றார்.

அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்துபவள். மகள் போனதிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. கொதிக்கிற தேநீரையும் ஆறின தேநீரையும் ஒரே மாதிரி குடித்தாள். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தாள். ஐந்து செங்கோணங்கள் ஒரே புள்ளியைச் சுற்றிச் சண்டை சச்சரவில்லாமல் உட்கார்ந்திருந்தன. "உங்க வேலையில குத்தமில்ல. இடம் அப்படி ஆயிடுச்சு," என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

வருடா வருடம் அவள் வகுப்பில் சொல்லுகிற கதைதான். வெள்ளம் அழித்த வரப்புகளைக் கயிறு பிடித்து மீட்டவர்களிடம் அந்தப் படிப்பு தொடங்கியது. பின்னால் ஒருவர் அதையெல்லாம் சில விதிகளுக்குள் கட்டிவைத்தார். இணைகோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் நடுவில் இடைவெளி மாறாது என்கிற விதி மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாக இரண்டாயிரம் வருடம் உறுத்தியது. அதோடு மல்லுக்கட்டி ஓய்ந்த ஒரு தகப்பன், அந்தப் பக்கமே போகாதே என்று மகனை எச்சரித்தான். மகன் கேட்கவில்லை. அந்த விதி செல்லாத வெளியும் இருக்க முடியும் என்று கண்டுபிடித்தான். பிள்ளைகள் வழக்கமாக இந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள்.

அவள் கணவர் தையல்காரர். "சுருக்கு வெச்ச கவுன் ஓரம் மாதிரி. இடுப்பு கைக்குள்ள அடங்கும், கீழ போகப் போகத் துணி இழுத்துக்கிட்டே போகும்," என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடையைச் சாத்திவிட்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். முதலில் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பினார், பிறகு தூங்க மட்டும், அப்புறம் தாடி வளர்ந்த பிறகு. ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கூடத்தில் எதிர்ப்பட்டால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் போல இருவரும் காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டார்கள். மழைக்காலம் முழுக்க அவர் வராமல் போனபோது, குடையை மாட்டிவைத்துவிட்டு அவளே உள்ளே போனாள்.

அவர் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கதான் போறீங்க?"

"அந்தக் கடைசிச் சுவத்துக்கு. அவ கட்டில் அங்கதானே கெடக்கு."

"நானும் வரேன்."

பக்கத்தில் பக்கத்தில், நேராக நடந்தார்கள். யாரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. இருந்தும் இடைவெளி முதலில் ஓர் ஆள் அகலமானது, பிறகு ஒரு தெரு அகலமானது. அவள் பக்கவாட்டில் பார்த்தபோது அவர் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தார். மகள் போன பிறகு முதல்முறையாக அவளுக்குப் பயம் உறைத்தது.

"நேரா நடக்காதீங்க!" என்று கத்தினாள். "இங்க நேரா நடந்தா பிரிஞ்சுதான் போவோம். என் பக்கம் சாஞ்சே வாங்க!"

"நீயும் சாயணும்ல?"

"சாயறேன், வாங்க."

கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிறகும் அடிக்கு அடி ஒருவர் பக்கம் ஒருவர் வளைய வேண்டியிருந்தது. அசந்தால் விரல்கள் நழுவின. தோள்பட்டை விண்டுபோகிற வலி. அப்படியே நடந்து கடைசிச் சுவரை அடைந்தார்கள். கட்டில் இருந்தது. போர்வை மகள் எழுந்துபோன விதமாகவே சுருண்டு கிடந்தது. இருவரும் அழவில்லை. கொஞ்ச நேரம் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு அவள் சன்னலைத் திறந்தாள். கை நீட்டும் தூரத்தில் அவர்களுடைய தெருவே இருந்தது. எதிர்வீட்டுக்காரி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, டைல்ஸ் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"எங்க முடியறது? அப்படியே விட்டுட்டோம்."

"அதுவும் சரிதான்," என்று எதிர்வீட்டுக்காரி அடுத்த துணியைப் பிழிந்தாள். கணவர் போர்வையை உதறி எடுத்துவந்து சன்னல் விளிம்பில் வெயில் படப் போட்டார்.