ஏழு செயின்சோவும் ஓர் ஈரப்பலா மரமும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் செயின்சோவால் அரிவதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? ஐறீன் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தாள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு த்ரீவீல் நுழைந்தால் நாய்கூட ஒதுங்க இடமில்லாத ஒழுங்கை. அந்த ஒழுங்கை முழுவதற்கும், அதன் வாசலில் நின்ற ஒரேயொரு ஈரப்பலா மரம். இந்த அழகில் அவளுடைய புருசன் வின்சன்ற் வீட்டுப் பின்பக்கம் ஏழு செயின்சோ வைத்திருந்தான். ஏழும் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய மலிவுச் சாமான்கள். பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், மெஷினில் இன்னொரு பெயர் இருக்கும்.

அவனுக்குக் கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. கிழமை முழுக்கக் கடதாசியோடு மாரடித்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான். சைலன்சரின் வாயைப் பெரிதாக்குவான், காபரேற்றரை மாற்றுவான், சங்கிலியின் பல்லை ஒவ்வொன்றாக அரத்தால் ராவுவான். மலிவு மெஷினை விலைகூடிய மெஷின் மாதிரி ஓட வைக்க வேண்டும், அதுதான் அவனுடைய ஆசை. ஆனால் ஒன்று ஒழுங்காக ஓடத் தொடங்கினால் சும்மா விடுவானா? இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடாதா என்று கை அரிக்கும். உடனே மற்றதிலிருந்து எதையாவது கழற்றி இதில் பூட்டுவான். எதனுடைய உறுப்பு எதில் கிடக்கிறது என்று கடைசியில் அவனுக்கே தெரியாமல் போய்விட்டது.

"மரமில்லாத இடத்தில மரம் வெட்டுற மெஷின். சனம் சிரிக்குது," என்பாள் ஐறீன்.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டு ராசிக் நானா. மெயின் வீதிப் புடவைக் கடையொன்றில் விற்பனையாளராக நின்றவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி இப்போது வீட்டோடு கிடந்தார். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, மதிலுக்கு இந்தப் பக்கம்தான் வின்சன்றின் பட்டறை. அப்போது கிழமை நாள் பின்னேரங்களிலும் மெஷின் ஓடும். போன வருசக் கடைசியில் பொறுமை கெட்டுப்போய் மனுசன் பொலிசில் சொல்லிவிட்டார். பொலிஸ் வந்து, இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்மஸ் கேக் அந்தப் பக்கம் போகவில்லை, நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரவில்லை.

அந்த ஈரப்பலா மரம்தான் புதன்கிழமை விடியற்காலைக் காற்றில் சரிந்தது. அதுவும் எப்படி! ஒழுங்கை வாசலை ஒரு மதிலிலிருந்து மறு மதில்வரை கிளையும் இலையுமாக அடைத்துக்கொண்டு. மெலிந்த பொடியன்கள் குனிந்து ஊர்ந்து போனார்கள். மற்றவர்களுக்கு வழியே இல்லை.

அன்றைக்குத்தான் ராசிக் நானா டயலிசிசுக்குப் போகவேண்டும். போன முறை வெள்ளத்தில் வீதி மூடிக் கிடந்ததால் தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்திருந்தால்தான் மூச்சு வந்தது. இன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். த்ரீவீல்காரன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஹோர்ன் அடித்தான். மாநகரசபைக்குப் போன் அடித்தால், நகரம் முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, பின்னேரம் பார்க்கலாம் என்றார்கள்.

"வின்சன்றிட்ட ஏழு மெஷின் இருக்கெல்லோ!" என்று கத்தினான் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் பீற்றர்.

அடடா, இந்த நாளுக்காகத்தானே வின்சன்ற் இத்தனை வருசம் காத்திருந்தான்! ஒழுங்கையே வாசலில் வந்து நிற்க, ஐறீனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, செம்மஞ்சள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருந்ததிலேயே நல்லது அதுதான். கயிற்றை இழுத்தான். உறுமியது. விசையை அமத்தினான். சத்தம் கிறீச்சென்று ஏறி, ஏறி, அப்படியே அவிந்துபோனது. திரும்ப இழுத்தான். திரும்பவும் ஏறி அவிந்தது. இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது.

சரி, சிவப்பு மெஷின். அதில் பிளக் இல்லை. பச்சையில் பிளக் இருந்தது, சிவப்புக்குப் பொருந்தாது; கயிறும் இல்லை. பெரியதை இழுத்ததும் கயிறு கையோடு வந்துவிட்டது. மற்றதுகளைச் சொல்லி வேலையில்லை. ஏழு மெஷினையும் பின்முற்றத்தில் பரப்பிவைத்துக்கொண்டு, ஒன்றுகூட உருப்படியாக இல்லாமல், எண்ணெய்க் கையோடு நின்றான். பெற்ற தாய் பார்த்தாலும் வெட்கப்பட்டிருப்பாள். பீற்றர் கோடரியால் கொத்திக்கொண்டிருந்தான். ஈரப்பலாப் பால் வடிந்து பிடி கையில் ஒட்டிப்போனதுதான் மிச்சம்.

"இந்தச் சனியனுகளை நான் அண்டைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருக்கோணும்," என்றாள் ஐறீன்.

"வாயை மூடு ஐறீன், எனக்கு வாற விசருக்கு!"

ராசிக் நானாவின் மனைவி ஜெஸீமா வந்து அவன் முன்னால் நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. "உண்மையச் சொல்லுங்க அண்ணன். அவர் பொலிசுக்குப் போனதாலதானே இப்பிடிச் செய்றீங்க? ஏழு மெஷின்ல ஒண்டு கூடவா ஓடாது?"

வின்சன்றுக்கு நெஞ்சில் மிதித்ததுபோல இருந்தது. "மாதா அறிய இல்ல ஜெஸீமா. ஓடுதில்ல. நான் என்ன செய்ய, ஓடுதில்ல!" கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை மதிலில் எறிந்தான். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த மனுசன் இன்றைக்குச் செத்தால், வின்சன்ற் பழிவாங்கிவிட்டான் என்றுதான் ஒழுங்கை கதைக்கும். அதை நினைக்க அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அப்போது மதிலுக்கு மேலே ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வின்சன்ற்."

ராசிக் நானா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கெழம காலயில அது நல்லாத்தான் ஓடின. ஒரே சீரா. பகல் சாப்பிட்டுட்டு வந்து என்னத்தயோ மாத்தினீங்க. அதுக்குப் பொறகுதான் இப்பிடி ஏறி ஏறி அவியுது. என்னத்த மாத்தின?"

வின்சன்ற் வாயைப் பிளந்தான். "உங்களுக்கு எப்பிடி நானா தெரியும்?"

"ரெண்டு வருசமா கேட்டுட்டுத்தானே கெடக்கிறன். எனக்கு வேற என்ன வேல ஈக்கிது?"

ஞாயிற்றுக்கிழமை. வின்சன்ற் தலையில் கை வைத்தான். காலையில் செம்மஞ்சள் மெஷின் தங்கமாக ஓடியது. அது காணாதென்று, சாப்பிட்டுவிட்டு வந்து அதன் காபரேற்றரைக் கழற்றிச் சிவப்பில் பூட்டிவிட்டு, வாய் பெரிய காபரேற்றர் ஒன்றை இதில் பூட்டினான். பூட்டும்போது இடையில் வைக்கும் தாளும் சரியாக உட்காரவில்லை, காற்று கசிந்திருக்கும். நன்றாக ஓடியதைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறான், மடையன்!

சிவப்பிலிருந்து பழையதைக் கழற்றி எடுத்து, தாளை ஒழுங்காக வைத்துப் பூட்டினான். ஜன்னலிலிருந்து ராசிக் நானாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டு முறை இழுத்தான், ஒன்றுமில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. விசையை அமத்தினான். ஏறியது. நின்றது. அவியவில்லை.

"அதுதான்!" என்றார் ராசிக் நானா. "அந்தச் சத்தம்தான்!"

அதற்குப் பிறகு கதைக்க யாருக்கும் நேரமில்லை. வின்சன்ற் அரிய அரிய, பீற்றரும் பொடியன்களும் கிளைகளை இழுத்து மதிலோரம் போட்டார்கள். மரத்தூளும் பாலுமாக அவனை அடையாளம் தெரியவில்லை. வழி திறந்ததும் த்ரீவீல் உள்ளே வந்தது. ராசிக் நானாவை இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். அவனைத் தாண்டும்போது அவர் கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். கதைக்க மூச்சில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனுசன் கிடக்கிறார் என்று ஒரு ஞாயிறாவது யோசித்தேனா என்று வின்சன்றுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அவன் பின்பக்கம் போகவில்லை. அந்த மனுசன் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று முன்கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தான். காய்ச்சலோ என்று ஐறீனே வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெஸீமா ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பத்தோடு வந்தாள். தந்துவிட்டு, போகாமல் நின்றாள். "அவர் கேட்டுட்டு வரச் சொன்னார் அண்ணன். இன்னக்கி ஏன் மெஷின் ஓடல்லயாம்? காலயில ஈந்து காத்துட்டுக் கெடக்கிறார்."

"இதென்ன கரைச்சல்!" என்று பேப்பரை எறிந்தான் வின்சன்ற். "ஓடினால் பொலிஸ். ஓடாட்டி ஆள் அனுப்பிக் கேக்கிறார். மனுசன் என்னதான் செய்யிறது?" திட்டிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டினான்.

செம்மஞ்சள் மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தான். சத்தம் கிறீச்சென்று ஏறி, ஏறி, அவிந்துபோனது. ஐறீன் குசினியிலிருந்து அவனை முறைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமையே வாய் பெரிய காபரேற்றரைத் திரும்பவும் பூட்டி வைத்திருந்தான்.

"வின்சன்ற்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "திரும்பவும் அதயா போட்டீங்க? கழட்டுங்க, கழட்டிட்டுப் பழசப் போடுங்க. நான் கேட்டுட்டுத்தான் ஈக்கிறன்."