துப்பாக்கிக்குள் போகும் பேட்ச்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் நான் சரியாகத்தான் சொன்னேன். காதில் வாங்கியவர்தான் தப்பாக வாங்கிக்கொண்டார். வருஷக்கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் நம்புவார் யாரும் இல்லை.

தொண்ணூற்று ஐந்தில் நடந்தது. பீளமேட்டில் எனக்கு லேத் பட்டறை. மில்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்து கொடுப்பது தொழில். என் மனைவி வெங்கடலட்சுமிக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றாள். சமையல் வகுப்புக்குப் போயேன் என்றேன். அவள் நேரே போய் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் என் காபியில் சர்க்கரை விழவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, சண்டை தமிழ். அந்த இரண்டு நாளும் சுத்தமான தமிழ்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, அவளுக்குக் குறி நன்றாக விழுந்தது. மாநிலப் போட்டிக்குச் சென்னை போக கிளப்பிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தோசை வார்க்கும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு வார்த்தாள்.

தேர்வு நெருங்கும்போது பார்த்துக் குறி விலகத் தொடங்கியது. துப்பாக்கிக் குழலுக்குள் ஈயமும் கரியும் படிந்துவிட்டது என்றாள். அதைத் துடைக்கச் சின்னச் சின்னத் துணித் துண்டு வேண்டும். எண்ணெயில் நனைத்து, கம்பி நுனியில் வைத்து உள்ளே தள்ளினால் அழுக்கை வழித்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். அதற்குப் பெயர் பேட்ச். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பேட்ச் கிளப்பில் தீர்ந்துபோயிருந்தது. ஒரு புண்ணியவான் கைக்குட்டையைக் கிழித்து உள்ளே விட்டு, அது நடுவழியில் சிக்கிக்கொண்டு, எடுப்பதற்குள் செயலாளர் திருமூர்த்திக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டதாம். இனிமேல் அவரவர் ஒழுங்கான பேட்ச் கொண்டுவந்தால்தான் துடைக்க விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, நம்ம மைதீன் பாய்கிட்டச் சொல்லி வெட்டி வாங்கித் தாங்க. ஞாயித்துக்கெழம தேர்வு. அழுக்குக் கொழலோட போனா நான் சென்னைக்குப் போன மாதிரிதான்" என்றாள்.

மைதீன் பிச்சை கோட்டைமேட்டில் தையல்கடை வைத்திருப்பவர். என் பட்டறை ஆட்களுக்குச் சீருடை தைப்பவர் அவர்தான். பட்டறையிலிருந்து போன் போட்டேன்.

"பாய், பாலகோபால் பேசறேனுங்க. ரைஃபிள் கிளப்புக்குப் பேட்ச் வேணுங்க. வட்டமா, வெள்ளைத் துணில. ஒரு நூறு."

"செஞ்சுபோடலாங்க சார். வேலப்பாடு எப்படிங்க?"

பின்னால் லேத் ஓடிக்கொண்டிருந்தது. "வேல நல்லா இருக்கோணும் பாய், அவ்வளவுதானுங்க" என்றேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை மதியம் இருவரும் ஸ்கூட்டரில் கடைக்குப் போனோம். மைதீன் பாயின் மனைவி சாயிரா பானு ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வெங்கடலட்சுமியிடம் கொடுத்தாள். திறந்தால், வெள்ளை வட்டங்கள். ஓரமெல்லாம் சிவப்பு நூல். நடுவில் பச்சை நூலில் இரண்டு துப்பாக்கிகள் குறுக்கே கிடக்கின்றன. சுற்றிலும் 'ரைஃபிள் கிளப்' என்று எழுத்து. பின்பக்கம் சட்டையில் குத்திக்கொள்ள ஊக்கு.

"துப்பாக்கி எப்படி இருக்கும்னு தெரியாம எங்க பக்கத்து ஊட்டுப் பையனோட பொம்மைய வாங்கி வச்சுப் பார்த்துப் போட்டேனுங்க்கா. நல்லா இருக்குதுங்களா?" என்றாள் சாயிரா.

வெங்கடலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க சொன்னீங்க போன்ல?" தமிழ் தொடங்கிவிட்டது.

"பேட்ச்னுதான் சொன்னேன்."

மைதீன் பாய்க்குக் கொஞ்சம் கோபம்தான். "சார், பள்ளிக்கூடத்துப் புள்ளைக சட்டையில குத்துறதும் பேட்ச்சு. கிழிசலுக்கு ஒட்டுப் போடுறதும் பேட்ச்சு. உங்க மில்லுக்காரங்க தவண தவணையாப் பஞ்சக் கலந்து ஓட்டுறாங்களே, அதுவும் பேட்ச்சு. துப்பாக்கிக்குள்ள போறது எந்தப் பேட்ச்சுன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

வெங்கடலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் காலை தேர்வு. ஆனால் சாயிராவின் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். "ஊக்கோட இத உள்ள உட்டா திருமூர்த்தி சார் என்னையச் சுட்டுப்போடுவாருங்க" என்றாள். சாயிராவும் சிரித்தாள். எனக்கும் மைதீன் பாய்க்கும் மட்டும் சிரிப்பு வரத் தாமதமானது.

"இது அத்தனையும் எனக்கு வேணும் சாயிரா. நாளைக்குக் கிளப்புல எல்லாருக்கும் குத்திவிடறேன். இப்ப வேற துணி பாக்கலாம்" என்றாள்.

கடையே கலைந்தது. மிச்சத் துணி மூட்டையை நடுவில் கொட்டினார்கள். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துணியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள் வெங்கடலட்சுமி. புதுப் பாப்ளினில் எண்ணெய் முத்து மாதிரி மேலேயே நின்றது. கஞ்சி போகாத துணி எண்ணெய் குடிக்காது. டெரிகாட்டனில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தலை துவட்டும் துண்டுத் துணி நன்றாகக் குடித்தது, ஆனால் இழுத்தால் பிசிறு பிசிறாக உதிர்ந்தது. குழலுக்குள் பிசிறு தங்கினால் துடைத்ததே வீண் என்றாள். என் பட்டறையில் மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் இருக்கிறது என்றேன். அதில் இரும்புத்தூள் இருக்கும், குழலைக் கீறிவிடும் என்றாள். அதுவும் சரிதான்.

"பனியன் துணிதான் வேணுங்க்கா. ஆனா பழசா இருக்கோணும், நெறய தரம் தொவச்சிருக்கோணும்" என்றாள் சாயிரா.

வெங்கடலட்சுமியின் பார்வை மெதுவாக என் சட்டைக்குள் நுழைந்தது. நான் போட்டிருந்தது திருப்பூர் பனியன், சுத்தப் பருத்தி. அக்குளில் ஓட்டை விழுந்து, வெளுத்து, வெண்ணெய் போல ஆகியிருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி அவளும், மாட்டேன் என்று நானும் வெகுகாலமாக மல்லுக்கட்டி வந்தோம்.

"கழட்டுங்க" என்றாள்.

"இங்கயா?"

"அளவு எடுக்குற எடத்துல திரை இருக்குதுங்க சார்" என்றார் மைதீன் பாய். பழி தீர்த்துக்கொண்ட சந்தோஷம் அவர் குரலிலேயே தெரிந்தது.

வெறும் மேலில் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது பனியன் மேஜைமேல் விரிந்து கிடந்தது. எண்ணெய்ச் சொட்டு விழுந்ததும் தெரியவில்லை, மறைந்ததும் தெரியவில்லை. சாயிரா கண்ணளவில் வெட்டத் தொடங்கினாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எனக்குப் பொறுக்கவில்லை. பெரிதானால் சிக்கும், சிறிதானால் குழலைத் தொடாமலேயே போய்விடும் என்று வெங்கடலட்சுமிதானே சொன்னாள். கத்தரியைப் பிடுங்கிக்கொண்டேன். "ஒரு நூல்கூடப் பிசகக்கூடாது" என்றேன். "பனியன்ல நூல் இல்லாம எப்படிங்க சார்" என்றார் மைதீன் பாய். நான் சொன்னது எங்கள் பட்டறை அளவு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு வரிசையாக வெட்டிக் குவித்தேன். டீ வந்தது, ஆறியது, நான் நிமிரவில்லை. லேத்தில் நின்று வேலை கற்றுக்கொண்ட காலத்துக்குப் பிறகு ஒரு வேலை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

மறுநாள் கிளப்புக்கு நானும் போனேன். அதற்கு முன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பனியன் என்ன ஆகிறதென்று பார்க்க வந்தேன் என்று சொல்லி வைத்தேன். சாயிராவின் வேலைப்பாட்டைக் கிளப்பில் எல்லோரும் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார்கள். திருமூர்த்தி எங்கள் துண்டு ஒன்றைத் தடவி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முதல் துண்டு கரிக்கட்டையாக வெளியே வந்தது. அடுத்தது சாம்பல். போகப் போக வெளுத்து, கடைசியாக வந்தது உள்ளே போன மாதிரியே வந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

பிறகு வெங்கடலட்சுமி சுடிதாரோடு தரையில் குப்புறப் படுத்தாள். முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாகச் சுட்டாள். வெயில் ஏறியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கண்ணை மூடித் திறந்தேன். அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்து இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

திருமூர்த்தி பெயர்களை வாசித்தார். முதல் பெயர் அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை.

"மூணாவதா, மிஸஸ் பாலகோபால்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இன்னொருவர் முதுகில் தட்டினார். அவள் அங்கே முழங்கை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு தனியாக நின்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏனுங்க, பாலகோபால் துப்பாக்கியத் தொட்டதே இல்லீங்க" என்றேன் சத்தமாக. "அவங்க பேரு வெங்கடலட்சுமி. பேரச் சொல்லிப் படிங்க."

திருமூர்த்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். இந்தத் தடவை சரியாகப் படித்தார். அதற்குப் பிறகுதான் நான் கை தட்டினேன்.