பிறக்குமுன் தைத்த சட்டை

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் மகளின் பெயர் கேட்டதாகச் சௌந்திரம் ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை, இரத்தம் என்ற சொல்தான் முதலில் காதில் விழுந்தது என்றாள். கேட்டவர்கள் ஆளுக்கொரு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான். என்றாலும் அந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் கேட்டன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

பரமத்தி வேலூரில் சௌந்திரத்தின் வீட்டை ஒட்டியே இன்னொரு சின்ன வீடு உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். அந்தச் சின்ன வீட்டில்தான் சலோமி குடியிருந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. கணவன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. தையல் மெஷின் ஒன்றோடு வந்து, ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பைபிளோடு போவாள். வாடகைக்கு விடும்போது சௌந்திரத்துக்கு அதில் ஒன்றும் சங்கடம் இருக்கவில்லை. மகள் அபிநயா பிரசவத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாம் சங்கடமாயிற்று.

அபிநயாவுக்கு முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டும் கலைந்து போனவை. மூன்றாவது இது. மாப்பிள்ளை தனசேகர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் மகளின் வாழ்க்கையே போய்விடும் என்று சௌந்திரம் நினைத்தாள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். குழந்தை என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. எத்தனையாவது மாதம் என்று கேட்பவர்களுக்குப் பொய்க் கணக்கு. தொட்டில், துணி என்று ஒரு நூல்கூட முன்னதாக வாங்கக்கூடாது. வாங்கினால் கண் பட்டுவிடும், காத்திருப்பது தெரிந்தால் தட்டிப் பறிக்க யாரோ காத்திருப்பார்கள்.

மத்தியானத்தில் மெஷின் சத்தம் நிற்கும். அதற்குப் பிறகு முணுமுணுப்பு ஆரம்பிக்கும். அன்றைக்குச் சௌந்திரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைச் சுவரில் வைத்தாள்.

"...அபிநயா... வயித்துல இருக்கிற சிசுவை... உம்முடைய இரத்தத்தால மூடும்..."

சாயங்காலம் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்த கணவன் குழந்தைவேலிடம் அவள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுல நம்ம புள்ள பேரு கேக்குதுங்க."

"பக்கத்து ஊட்டுக்காரி நம்ம புள்ள பேரச் சொல்லாம கலெக்டர் புள்ள பேரயா சொல்லுவா?"

"வெளையாடாதீங்க. வயித்துல இருக்கறத ரத்தத்தால மூடுங்கறாளுங்க."

குழந்தைவேல் கை கால் கழுவினார். துண்டால் துடைத்தார். பதில் சொல்ல அவருக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும்.

"நாம கருப்பணாருக்குக் கெடா வெட்டிப்போட்டு எல்லையில ரத்தச் சோறு எறியறமே, அது எதுக்காமா?"

"அது காவலுக்கு."

"அப்ப அவளுதும் காவலாத்தான் இருக்கும்."

"அது நம்ம சாமிங்க. அவ சாமி எதுக்கு நம்ம புள்ளைக்குக் காவலுக்கு வருது? கூப்புட்டமா?"

அவர் வெற்றிலைக் கட்டை அவிழ்க்கத் திரும்பிவிட்டார். அதையே சௌந்திரம் தன் கட்சிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சலோமி செய்த எதுவும் வெறும் செயலாக அவளுக்குப் படவில்லை. முருங்கைக்கீரை சூப் வந்தது, வாய்க்காலில் ஊற்றினாள். வயிறு பெருத்தவளுக்குத் தோதாக இரண்டு நைட்டிகளைச் சலோமி தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள், சௌந்திரம் அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். வாசலில் பாசி பிடித்த இடத்தை சலோமி கேட்காமலே தேய்த்துக் கழுவியபோது, நம் வாசலில் இவளுக்கு என்ன வேலை என்று கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் எதிர்பார்க்காமல் ஒருத்தி ஏன் செய்ய வேண்டும்? பிள்ளையில்லாதவள் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடமே கேட்டுக்கொண்டாள். அதனால் அவற்றுக்கு ஒரே விதமான பதில்தான் வந்தது.

இதற்கு நடுவில் அபிநயாவின் பழைய பருத்தித் துப்பட்டா ஒன்று காணாமல் போயிற்று. மஞ்சளில் நீலப் புள்ளி போட்டது.

"கொடியில காயப் போட்டிருந்தேன், காத்துல போயிருக்கும் போம்மா" என்றாள் அபிநயா.

காற்றே இல்லாத வாரம் அது. சௌந்திரம் வாழைத்தோப்பு வரை தேடிவிட்டு வந்தாள்.

அது கிடைத்தது சலோமியின் மெஷினில். ஒரு மத்தியானம் முணுமுணுப்பு தொடங்குவதற்கு முன்பாகவே சௌந்திரம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தாள். ஊசிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை கிடந்தது. முடிச்சுப் போடும் நாடா வைத்த பச்சைப்பிள்ளைச் சட்டை. மஞ்சளில் நீலப் புள்ளி.

"இது ஆருக்கு?"

சலோமி காலை மிதியிலிருந்து எடுத்தாள். "பிள்ளைக்குக்கா."

"எந்தப் பிள்ளைக்கு?"

அவள் சட்டையை உள்ளங்கையால் மூடினாள்.

"இந்தத் துணி என்ற மகளோடது. உன்ற கைக்கு எப்பிடி வந்துச்சு?"

"அத நான் சொல்லக்கூடாதுக்கா."

"திருடுனயா?"

"இல்லக்கா."

"பொறவு?"

"கேக்காதீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதச் சொல்லவும் முடியாது."

"மத்தியானமானா ரத்தம் ரத்தம்ங்கறயே, அது?"

"அது ஜெபம்க்கா. இயேசு நமக்காகச் சிந்தின இரத்தம். அத ஒரு கோட்டை மாதிரி நெனச்சுக் கேக்குறது. அதத் தாண்டி ஒரு கெட்டதும் உள்ள வராதுன்னு."

காவல் என்று கணவன் சொன்னதும் இவள் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயின. இவ்வளவு ஒத்துப்போகிறதே என்பதுதான் சௌந்திரத்தை உறுத்தியது. சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கமும் கேட்கும் அல்லவா? இவள் கேட்டு வைத்துக்கொண்டு சொல்கிறாளோ?

"ஊட்டக் காலி பண்ணிரு" என்றாள்.

"சரிக்கா."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று சௌந்திரம் எதிர்பார்க்கவில்லை. குற்றமில்லாதவள் என்றால் சண்டைக்கு வரமாட்டாளா, தெருவைக் கூட்டமாட்டாளா?

"எங்க போவ?"

"எங்கப்பா ஒரு எடம் வச்சிருப்பாருக்கா."

"உங்கப்பன் செத்து எந்தக் காலமோ ஆச்சுன்னு நீதான சொன்ன!"

"அவரில்லக்கா" என்று சலோமி மேலே பார்த்தாள். சௌந்திரமும் அவளோடு சேர்ந்து மேலே பார்த்தாள். ஓடாத மின்விசிறிதான் இருந்தது.

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்த சௌந்திரம், கொல்லையில் உப்பும் மிளகாயும் வைத்து அதை எரித்தாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி ஏறாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைக்கு ஏறிய நெடியில் அவள், குழந்தைவேல், உள்ளே படுத்திருந்த அபிநயா, எதிர்வீட்டு ஆள் வரை இருமித் தீர்த்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே குழந்தைவேல் கேட்டார். "நெடி இந்த ஏறு ஏறுது. கண்ணு ஒண்ணும் இல்லையாட்டம் இருக்குதே?"

"மொளகா காரம் சாஸ்தி. நீங்க சும்மா இருங்க."

அந்த வாரமே ஒரு குட்டியானை வண்டி வந்தது. மெஷின், இரண்டு மூட்டை துணி, ஒரு கட்டில். அவ்வளவுதான் சலோமியின் குடும்பம். வண்டி கிளம்பும் முன் அவள் சௌந்திரத்திடம் வந்தாள்.

"பயப்படாதீங்கக்கா. நல்லபடியா பொறக்கும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சௌந்திரம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் மூன்று முறை துப்பினாள். சலோமியின் முகம் ஒரு கணம் சுருங்கிற்று. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் அபிநயா நின்றிருந்தாள். வண்டி போய்விட்டது.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சௌந்திரம் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அபிநயா பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். போனில் தனசேகர் கூப்பிட்டாலும் 'ம்' என்பதோடு சரி. போகிறவள் எதையோ செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று சௌந்திரம் முடிவுகட்டினாள். நிலைப்படியைத் தோண்டிப் பார்த்தாள். சின்ன வீட்டின் மூலைகளையெல்லாம் விளக்குமாற்றால் கிளறினாள். ஒரு நூல் துண்டும் கொஞ்சம் ஊக்குகளும்தான் கிடைத்தன.

நாமக்கல்லில் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். உள்ளே இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது, தாய்க்குத்தான் எடை ஏறவில்லை, ரத்தக் கொதிப்பு வேறு ஏறியிருக்கிறது, மகளுக்கு மனசில் என்ன கவலை என்று டாக்டரம்மா சௌந்திரத்தைக் கேட்டாள். கவலைக்குக் காரணமானவளை ஊரைவிட்டே அனுப்பியாயிற்று என்று சௌந்திரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அபிநயா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோழிப் பண்ணைகள் தாண்டிப் போயின. வெகுநேரம் கழித்து அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"துப்பட்டாவ நாந்தாம்மா குடுத்தேன்."

சௌந்திரம் திரும்பினாள்.

"சட்டை தைக்கச் சொன்னதும் நாந்தான். பேரச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னதும் நாந்தான். நீ கொடிக்காலுக்குப் போறப்பெல்லாம் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்குவேன்."

"எதுக்கு சாமி?" சௌந்திரத்தின் குரல் அடங்கிப் போயிற்று. "எதுக்குப் போன?"

"ஊட்டுல அதப் பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கறதில்ல. செத்த ஊடாட்டம் இருந்துச்சு. ஆராச்சும் ஒருத்தர் அது பொறக்கும்னு சொல்லிக் கேக்கணுமாட்டம் இருந்துச்சும்மா. அந்தக்கா சொன்னாங்க. சட்டை தைங்கன்னேன். அம்மாவுக்குப் புடிக்காதேன்னு யோசிச்சாங்க. நான் அழுதேன். அப்பறந்தான் தச்சாங்க."

"எங்கிட்ட ஏன் அவ சொல்லல?"

"சொல்லாதீங்கன்னேன். சொல்லல."

"வண்டி ஏறும்போதாச்சும் நீ சொல்லியிருக்கலாமே?"

அபிநயா முகத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். "பயந்துட்டேன்" என்றாள். அதுதான் இத்தனை நாளும் அவள் தொண்டையில் நின்ற சோறு.

சலோமி மகளை மயக்கி வைத்திருக்கிறாள் என்று அப்போதும் சௌந்திரத்துக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. பரமத்தி வேலூர் வந்ததும் மகளின் கையைப் பிடித்து இறக்கினாள். அன்று ராத்திரி அபிநயா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சௌந்திரம் பரிமாறிய கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலோமி எங்கே போனாள் என்பதை ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தின் வாசலில் நின்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். உள்ளே போகவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் தைக்கிறாளாம், கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில் இடம் கிடைத்ததாம். மறுநாள் சௌந்திரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினாள்.

சந்தில் ஆட்டோக்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே புகுந்து மாடி ஏறினாள். வரிசையாக மெஷின்கள். சலோமி அவளைப் பார்த்ததும் எழுந்தாள். முதலில் அவள் முகத்தில் சேதியைத்தான் தேடினாள்.

"அபிநயா?"

"நல்லா இருக்கறா. சாப்புடறா."

சலோமி உட்கார்ந்தாள். கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு பழத்தை வாங்கிப் பக்கத்து மெஷின்காரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

"ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா அந்தக் கோவமெல்லாம் அவ மேல போயிருக்கும்க்கா. மாசமா இருக்குறவ தாங்குவாளா? எனக்கென்ன, ஒரு மெஷின், ரெண்டு மூட்டை."

"திருடின்னு நெனச்சேன். அதுக்கு மேலயும் நெனச்சேன்."

"தெரியும்க்கா. கஷ்டமாத்தான் இருந்துச்சு. வண்டியில அழுதுகிட்டேதான் வந்தேன்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. "எல்லாருக்கும் நான் நல்லவன்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்க முடியுமா? அவருக்குத் தெரியும். அது போதும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சில நாள் போதும், சில நாள் போதல."

சௌந்திரம் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். "வந்துரு, ஊடு சும்மாதான் கெடக்குது" என்றாள். சலோமி சிரித்தாள். இங்கே வேலை ஒத்துக்கொண்டுவிட்டேன் என்றாள்.

"இப்பவும் அவ பேரச் சொல்றயா?"

"தினமும்க்கா. உங்க பேரையும்தான்."

சௌந்திரம் சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "வாரேன் சாமி" என்று எழுந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பழக்கப்படி யோசித்தாள். இதில் சலோமிக்கு என்ன லாபம்? மகளை மதம் மாற்றவா? அப்படி ஒரு வார்த்தைகூடச் சலோமி பேசியதில்லை என்று அபிநயா சொன்னாள். தன் இரக்கத்தைச் சம்பாதிக்கவா? அதற்கு எவ்வளவோ எளிய வழிகள் இருந்தன. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

அபிநயாவுக்கு நாமக்கல்லில் பெண் குழந்தை பிறந்தது. நாள் முந்திப் பிறந்ததால் கொஞ்ச காலம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, பிறகு வீடு வந்தது. தனசேகர் வந்து பார்த்துவிட்டு மறுபடியும் ரிக்குக்குப் போனான். கொடிக்கால் வாடல் நோய் விழுந்து போனதால் குழந்தைவேல் இப்போது வாழை போட்டிருக்கிறார். சலோமி செவ்வாய்ப்பேட்டையிலேயே தைத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தையை அபிநயா அனுப்பும் போட்டோக்களில்தான் பார்த்திருக்கிறாள். சின்ன வீட்டில் ஒரு கூட்டுறவுப் பால் சங்கத்துக்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். சௌந்திரம் இன்றைக்கும் எவரையும் லேசில் நம்புவதில்லை.